எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தின் விரிசல் விட்ட கண்ணாடியை மாற்ற உதவி தேவை

அப்பா இன்றும் நாள்தோறும் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்ளும் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தின் கண்ணாடி, சென்ற மாதம் கதவு நிலையில் இடித்ததில், 4 மணி எண்ணருகே விளிம்பிலிருந்து நடுப்பகுதி வரை விரிசல் கண்டுவிட்டது. தேய்மானத்தைக் குறைக்கும் 17 கற்கள் கொண்ட இயந்திரம் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் விரிசல் வழியே ஈரம் புகுந்து, காலையில் உட்புறம் பனி படர்கிறது. முகப்பும் முட்களும் துருப்பிடித்துவிடுமோ என்பதே என் கவலை.

இது அக்ரிலிக் (ஒருவகை பிளாஸ்டிக்) கண்ணாடி என்பதால் மெருகுப் பசையால் தேய்த்தேன். பழைய கீறல்கள் மறைந்தன, விரிசல் அப்படியே இருக்கிறது. திருச்சியில் ஒரு பழுதுபார்ப்பவர் பொருத்திய புதிய கண்ணாடி அளவில் சற்றுச் சிறியதாக இருந்ததால், விரலால் தொட்டாலே சுழன்றது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையதையே மாட்டியிருக்கிறோம். உடனடிப் பசை வைத்து ஒட்டலாம் என்றார் இன்னொருவர். அதன் ஆவி முகப்பில் வெண்படலமாகப் படியும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை. தட்டையான மினரல் கண்ணாடியும் ஒத்துவராது, ஏனெனில் மேடான கண்ணாடிக்கு ஏற்ற உயரத்தில் இருக்கும் விநாடி முள் அதில் உரசக்கூடும்.

வெர்னியர் அளவுகோலில் பார்த்தபோது, கண்ணாடி அமரும் பள்ளத்தின் விட்டம் ஏறத்தாழ 31 மில்லிமீட்டர். எச்.எம்.டி.யின் கடிகாரத் தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டதால், நிறுவனத்திடம் இந்தக் கண்ணாடி கிடைக்குமா என்று தெரியவில்லை.

மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளவு பார்த்து, மேடான அக்ரிலிக் கண்ணாடியை உரிய கருவியால் அழுத்திப் பொருத்தித் தருபவர் திருச்சியிலோ மதுரையிலோ சென்னையிலோ யார் இருக்கிறார்?