புதுப்பிப்பு: ஊருணி தூர்வார நிதி திரட்டுபவர்களுக்கு

வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சேர்ந்து சொந்த ஊர் ஊருணியைத் தூர்வாருவது பற்றி முன்பு எழுதியிருந்தோம். கீழக்கரை, தொண்டிப் பக்கத்திலிருந்து பலரும் கேட்டவை இரண்டு: வளைகுடாப் பணத்தை வாங்கலாமா, எவ்வளவு ஆழம் தோண்டலாம்?

இந்தியக் குடிமக்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தந்தால் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, வாங்கும் அமைப்புக்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால், கொடுத்தவருக்கு வருமான வரிக்கழிவு கிடைக்காது.

ஆழத்தில்தான் கவனம் வேண்டும். அடியில் உள்ள களிமண் படுகைதான் தண்ணீரை நிறுத்துகிறது. அதை உடைத்து மணலைத் தொட்டால் மழைநீர் கீழே இறங்கிவிடும். கடலோரத்தில் உப்புநீரும் ஊறி மேலே வரும். பிறகு எவ்வளவு செலவழித்தாலும் அது குடிநீர் ஊருணி ஆகாது. எனவே முதலில் நான்கு மூலையிலும் நடுவிலும் சோதனைக் குழி போட்டு, வண்டல் எங்கே முடிகிறது என்று பார்த்து, களி தெரிந்ததும் நிறுத்துங்கள். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஜேசிபி ஓட்டுநருக்கு இந்த அளவைக் குச்சி நட்டுக் காட்டுவது அவசியம்.

40 மீட்டருக்கு 40 மீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் வண்டல் எடுத்தால் சுமார் 16 லட்சம் லிட்டர் கூடுதலாக நிற்கும். ஆனால் ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் அடைத்திருந்தால் ஒரு சொட்டும் வராது. நிதியில் ஒரு பங்கை அந்தக் காலைச் சீர்செய்வதற்கென்றே ஒதுக்குங்கள். ஊராட்சித் தீர்மானமும், மண்ணை வெளியே கொண்டுபோக அனுமதியும் எழுத்தில் கையில் இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசிக்குள் கரையை இறுக்கி முடித்துவிட வேண்டும்.