லோட் லிஃப்டர்: சுமைதூக்கியா, வேறு சொல்லா?

> பெரிய முதுகுப்பையின் மேற்புறத்தில் இருக்கும் ‘லோட் லிஃப்டர்’ வாருக்குச் ‘சுமைதூக்கி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. சுமைதூக்கி என்றால் மூட்டை சுமக்கும் ஆள்தான் கண்முன் வருகிறார். அதைவிட, அந்த வார் எதையும் தூக்குவதே இல்லை.

பையை அடுக்கிப் பார்த்தால் தெரியும். தூங்குபை அடியில் போகும். உணவு, அடுப்பு போன்ற கனமானவை நடுவில், முதுகை ஒட்டி. மழைச்சட்டை மேலே, கைக்கு எட்டுகிறாற்போல். சில நாள் முகாமுக்கான 60, 70 லிட்டர் பையில் எடையின் பெரும்பகுதியை இடுப்புவார் தாங்கிக்கொள்கிறது. ஆனாலும் பையின் தலைப்பகுதி பின்னால் சாயப் பார்க்கும்; அதற்கு ஈடுகட்ட நாம் குனிந்து நடப்போம். சட்டகத்தின் மேலிருந்து தோள்வாருக்குச் சுமார் 45 பாகைச் சாய்வில் இறங்குகிற இந்தச் சின்ன வாரை இழுத்தால், தலைப்பகுதி நம் பக்கம் வந்து அணையும். இடுப்புவாரையும் தோள்வாரையும் இறுக்கிய பிறகே இழுக்க வேண்டியது இது. நான் ஒருமுறை இதை முதலில் இறுக்கிவிட்டு இடுப்புவாரை அப்புறம் மாட்டினேன். அரை மணி நேரத்தில் தோள் கடுத்துவிட்டது.

ஆகவே ‘அணைவார்’ என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்ததும் சிரிப்பு வந்தது, யாரோ பெரியவர் நம்மை நோக்கி வருகிறாற்போல! வினைத்தொகையில் ‘வார்’ சேர்ந்தால் இந்தத் தொல்லை.

சரி, ‘பட்டை’ என்று போகலாமா? இடுப்புப்பட்டை, மார்புப்பட்டை பொருந்துகின்றன. தோளுக்கு வந்தால் தோள்பட்டை. அது ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. ‘தோள்பட்டையைத் தளர்த்தவும்’ என்று கையேட்டில் போட்டால் வாசகர் கையைச் சுழற்றத் தொடங்கிவிடுவார்.

என் பரிந்துரை: உச்சிவார். தோள்வார், இடுப்புவார், மார்புவார் எல்லாம் இடத்தைச் சொல்லும் பெயர்கள்தானே.

> உச்சி என்றதும் எனக்கு உச்சந்தலைதான் தோன்றுகிறது. நெற்றிக்கு மேலே, தலையில் மாட்டிச் சுமக்கிற வார் ஒன்று உண்மையிலேயே உண்டு. அந்தப் பெயரை அதற்கு விட்டுவைப்போம். ‘அணைப்புவார்’ என்றால் என்ன?

அட, நல்ல யோசனை. ஒரு ‘ப்பு’ நுழைந்ததும் பெரியவர் போய்விட்டார். உச்சிவாரைத் திரும்பப் பெறுகிறேன், அணைப்புவாரே இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள்: பையின் இரு பக்கமும் பொருள்களை அமுக்கிப் பிடிக்கிற வாருக்கு ‘இறுக்குவார்’ என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பக்கவார் போதும்.