ஃப்ளெமிஷ் நாணில் கண்ணி தளர்கிறது: எத்தனை இழை, எந்தப் பக்கம் முறுக்கு?

மூங்கில்முதுகு கேட்டது:

வணக்கம். மூங்கில் முதுகு வைத்த லாங்போ (நெடுவில்) ஒன்று இருக்கிறது. குதைக்குக் குதை (நாண் மாட்டும் வெட்டுகள்) முதுகுப்பக்கமாக அளந்தால் 66 அங்குலம். 28 அங்குல இழுப்பில் 45 பவுண்ட். டேக்ரான் பி-55 என்ற பாலியெஸ்டர் நூலில் இரண்டு புரி ஃப்ளெமிஷ் நாண் திரித்திருக்கிறேன். நாணேற்றிச் சில அம்புகள் விட்டதுமே மேல் கண்ணியின் (வில் நுனியில் மாட்டும் வளையம்) கழுத்து தளர்கிறது. பிரேஸ் உயரம் (நாணேற்றிய வில்லில் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி) ஆறரை அங்குலத்திலிருந்து ஐந்துக்கு இறங்குகிறது. உற்றுப் பார்த்தால் ஒரு புரி விறைப்பாகவும் மற்றது லேசாகத் தொங்கியும் நிற்கிறது.

இந்த வில்லுக்கு எத்தனை இழை சரி? 10 என்கிறார்கள், 16 என்கிறார்கள். கண்ணி தளர என்ன காரணம்? நாண் தேயாமலிருக்க நடுவில் சுற்றும் காப்பு நூலை, அதாவது சர்விங்கை, எப்போது, எந்தத் திசையில் சுற்றுவது? பிற்பாடு லினன் (ஆளிநார்) போன்ற இயற்கை நாரில் திரிக்கவும் ஆசை. அதற்குக் கணக்கு எப்படி?

புரிமுறுக்கு எழுதியது:

முதலில் அந்த நாணைக் கழற்றி வையுங்கள், அதில் இனி ஓர் அம்புகூட விட வேண்டாம். இழுத்த நிலையில் கண்ணி உருவிக்கொண்டால் அம்பில்லாமல் நாணை விட்டதற்குச் சமம். மூங்கில் முதுகு பிளந்துவிடும்.

இழைக் கணக்கு. டேக்ரானில் ஓர் இழை ஏறக்குறைய 50 பவுண்ட் தாங்கும். அப்படிப் பார்த்தால் 45 பவுண்ட் வில்லுக்கு நாலைந்து இழையே போதும் என்று தோன்றும். ஆனால் அம்பு விடுபடும் கணத்தில் நாண்மீது விழும் அதிர்ச்சி இழுப்பு எடையைப் போலப் பல மடங்கு. அதோடு, இழை குறைந்த நாண் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போகும், விரலையும் அறுக்கும், அம்பின் குதையில் தொளதொளவென்று நிற்கும். அதனால் வழக்கத்தில் 25-35 பவுண்டுக்கு 10 இழை, 35-45க்கு 12, 45-55க்கு 14, அதற்கு மேல் 16. உங்கள் வில் எல்லைக்கோட்டில் இருக்கிறது. 14 வைத்துக்கொள்ளுங்கள், புரிக்கு ஏழு. இரண்டு புரியும் இரண்டு நிறமாக இருக்கட்டும். சிவப்பும் கறுப்பும் என்றால் தவறு நடந்த இடம் உடனே கண்ணில் படும்.

கண்ணி தளர்வதற்கு வருவோம். ஃப்ளெமிஷ் நாணில் முடிச்சே கிடையாது. கண்ணியிலிருந்து வரும் வால் நாணின் உடலோடு சேர்ந்து முறுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். உராய்வு மட்டுமே அதைப் பிடித்து நிறுத்துகிறது. இழைகளை ஒரு திசையில் முறுக்கி, புரிகளை அதற்கு எதிர்த்திசையில் ஒன்றன்மேல் ஒன்று போட்டால்தான் இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். உங்கள் நாணில் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: வால் நீளம் போதவில்லை, அல்லது மெழுகு குறைவு, அல்லது கடைசியில் முழு நாணுக்கும் கொடுக்கும் முறுக்கைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டீர்கள். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது. கண்ணியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே நாணைத் திருப்புங்கள். கழுத்து இறுகி இரு புரியும் நெருங்கினால் சரியான திசை. புரிகள் விலகி இடைவெளி தெரிந்தால் நீங்கள் அதை அவிழ்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

புதிதாகத் திரிக்கும் முறை இது. 80 அங்குலத்தில் 14 இழை வெட்டுங்கள். ஒரு புரியின் ஏழு இழைகளையும் அடுக்கும்போது ஒவ்வொன்றையும் முந்தையதைவிட அரை அங்குலம் தள்ளி வையுங்கள். நுனிகள் ஒரே இடத்தில் முடிந்தால் நாண் அங்கே திடீரென்று மெலிந்து, அந்தத் தோளில்தான் பின்னால் தேய்ந்து அறும். நுனியிலிருந்து ஓரடி நீளத்துக்கு மெழுகை அழுத்தித் தேயுங்கள், புரி ஒரே கம்பி போல ஒட்டி நிற்க வேண்டும்.

நுனியிலிருந்து 9 அங்குலத்தில் இரண்டு புரியையும் சேர்த்துக் கிள்ளிப் பிடியுங்கள். எதிர்ப்புறம் இருக்கும் புரியை உங்களைவிட்டு விலகும் திசையில் முறுக்கி, மற்றதன் மேலாக உங்கள் பக்கம் இழுத்துப் போடுங்கள். இப்போது எதிர்ப்புறம் வந்துவிட்ட மற்றதற்கும் அதே வேலை. நுனியை நோக்கி 3 அங்குலம் இப்படிப் போனதும் வளைத்துக் கண்ணியாக்கி, சிவப்பு வாலைச் சிவப்புப் புரியோடும் கறுப்பைக் கறுப்போடும் மெழுகால் ஒட்டி, வால் முழுக்கத் தீரும்வரை அதே முறுக்கைத் தொடருங்கள். கழுத்தில் முதல் இரண்டு சுற்று தளர்வாக விழுந்தால் பிரித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். அதற்குப் பின்னால் எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடம் சேராது.

மறுமுனையில்தான் புரி ஏறுமாறாகும். முதல் கண்ணியை ஆணியில் மாட்டி, இரண்டு புரிக்கும் நடுவே ஒரு பென்சிலை விட்டு மேலிருந்து கீழே சீவி, ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டு, கண்ணி நுனியிலிருந்து 63½ அங்குலத்தில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பேனாவால் குறியுங்கள். அந்தக் குறி கீழ்க் கண்ணியின் நட்டநடுவில் வர வேண்டும். கீழ்க் கண்ணிக்கு இரண்டரை அங்குலம் போதும், எனவே குறிக்கு ஒன்றேகால் அங்குலம் முன்பாகவே கிள்ளிப் பிடித்துத் தொடங்குங்கள். குறித்து முடித்ததும் முதல் கண்ணியை ஆணியிலிருந்து எடுத்துத் தொங்க விடுங்கள். கட்டியே வைத்திருந்தால் நீங்கள் இங்கே கொடுக்கும் முறுக்கு நடுவில் எதிர்முறுக்காகச் சேர்ந்து, புரிகள் சமமில்லாமல் பின்னிக்கொள்ளும். சிவப்பும் கறுப்பும் தவறி மாறிச் சேர்ந்தாலும் ஒரு புரி தொங்கும், கவனம்.

இரண்டு கண்ணியும் முடிந்ததும், கழுத்து இறுகும் திசையில் 20 முதல் 30 திருப்பு கொடுத்து நாணேற்றுங்கள். முதலில் 4 அங்குல பிரேஸ் உயரம் போதும். ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்த்து, திருப்பைக் கூட்டி ஆறரைக்குக் கொண்டுவாருங்கள். நாண் அரை அங்குலம் குறுகினால் பிரேஸ் உயரம் அதைவிட அதிகம் ஏறும், அதனால் மூன்று நான்கு திருப்புக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

வில்லின் குதையையும் பாருங்கள். பஞ்சை அதில் தேயுங்கள். நார் மாட்டினால் அங்கே கூர்விளிம்பு இருக்கிறது, மெல்லிய உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள்.

நடுச்சுற்று எழுதியது:

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். மெழுகுக்குத் தேன்மெழுகு நாலு பங்கு, ரோசின் (பைன் பிசின்) ஒரு பங்கு. நம் வெயிலில் வெறும் தேன்மெழுகு இளகி வழுக்கும், ரோசின்தான் பிடிப்பைத் தருகிறது. ரோசின் மிகுந்தால் காய்ந்தபின் பொரிந்து உதிரும். நேரடி நெருப்பில் உருக்காதீர்கள், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். திரித்து முடித்ததும் ஒரு தோல்துண்டை மடித்து நாணைப் பிடித்து வேகமாகத் தேய்த்தால் அந்தச் சூட்டிலேயே மெழுகு இழைக்குள் இறங்கும், மிஞ்சியது தோலில் வந்துவிடும்.

சர்விங்கை நாண் நீண்டு முடிந்தபிறகுதான் சுற்ற வேண்டும். புது நாணில் சுற்றினால் உள்ளே நாண் நீண்டு மெலியும், மேலே சுற்று தளர்ந்து நகரும். அம்பு பூட்டும் இடத்துக்கு இரண்டரை அங்குலம் மேலே தொடங்கி நாலு அங்குலம் கீழே முடியுங்கள். திசை நாணின் கடைசி முறுக்கு எந்தப் பக்கமோ அதே பக்கம். எதிராகச் சுற்றினால் நாணை முறுக்கும் ஒவ்வொரு முறையும் சர்விங் அவிழும். பின்னிய நைலான் நூல் போதும். முடிவில் பத்துப் பன்னிரண்டு சுற்றைப் பின்னோக்கிப் போட்டு வாலை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், முடிச்சுப் போட்டால் விரலில் உறுத்தும்.

அம்பு பூட்டும் பிடிமானம் இப்படிச் சோதிக்கலாம். அம்பைப் பூட்டி, வில்லைக் கிடையாகப் பிடித்து, அம்பு தரையை நோக்கித் தொங்கட்டும். தன் எடையில் விழக் கூடாது. அருகே நாணை விரலால் சுண்டினால் விழ வேண்டும். சுண்டியும் விழாவிட்டால் சர்விங் தடிமன், மெல்லிய நூலால் மாற்றிச் சுற்றுங்கள். தானே விழுந்தால் அதுதான் பெரிய ஆபத்து, இழுக்கும் நேரத்தில் அம்பு நழுவி நாண் வெறுமையாக அடிக்கும். அம்பு பூட்டும் புள்ளி, அம்பு நாணுக்குச் செங்கோணமாக நிற்கும் இடத்துக்கு அரை அங்குலம் மேலே என்று தொடங்கி, அம்பு பறப்பதைப் பார்த்து நகர்த்துங்கள்.

டைனீமா வகை நூல் வேண்டவே வேண்டாம். அது நீளாது, ஆகவே அதிர்ச்சி முழுவதும் வில்லின் நுனிக்குப் போகும். மெலிந்த நாண் வலுவூட்டாத மரக்குதையை ஆப்பு இறக்கியது போலப் பிளக்கும்.

மரல்நார் எழுதியது:

இயற்கை நாருக்கு அட்டவணையை நம்பாதீர்கள், நூலுக்கு நூல் வலு மாறும். நாண் குறைந்தது இழுப்பு எடையைப்போல நான்கு மடங்கு தாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 பவுண்டுக்கு 180 பவுண்ட், ஏறக்குறைய 82 கிலோ. கையில் உள்ள லினன் நூலில் ஓர் இழையை எடுத்து வழவழப்பான கம்பியில் பல சுற்றுச் சுற்றித் தொங்கவிட்டு, கீழேயும் அப்படியே சுற்றி வாளி மாட்டி, மெல்ல மெல்ல தண்ணீர் ஊற்றுங்கள். முடிச்சுப் போட்டால் முடிச்சிலேயே அறுந்து அளவு தப்பும். வாளியும் தண்ணீரும் சேர்ந்து 5 கிலோவில் அறுந்தால் 82-ஐ ஐந்தால் வகுத்து ஏறக்குறைய பதினாறரை. அதை 18 ஆக்கி, மூன்று புரிக்கு ஆறாறாகப் பிரியுங்கள். மூன்று புரி நாண் உருண்டையாக வரும், சர்விங்கும் சீராக உட்காரும். ஒரே கண்டிலேயே பலவீனமான இடங்கள் இருக்கும், எனவே நாலைந்து இடங்களில் வெட்டிச் சோதித்து, குறைந்த அளவையே கணக்கில் எடுங்கள்.

லினன் டேக்ரானைவிடக் குறைவாக நீளும், அம்பு விரைவாகப் போகும். ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் அறும், அதுவும் கண்ணியில் அல்லது சர்விங்குக்கு அடியில். ஈரத்தில் ஆளிநார் வலு குறையாது, முறுக்கிய நார் ஊறிக் குறுகுவதால் பிரேஸ் உயரம்தான் ஏறும். நன்றாகக் காய்ந்த வெயில்நாளில் மெழுகில்லாத லினன் நொறுங்கும் தன்மைக்கு வரும், அப்போதுதான் பயப்பட வேண்டும். விலங்கு நரம்பில் திரித்த நாணுக்கு இது நேர்மாறு, ஈரம் பட்டால் தொய்ந்துவிடும். கோணிச் சணலில் திரிக்க நினைக்காதீர்கள், வலுவும் போதாது, ஈரத்தில் மக்கும்.

நம் ஊரில் மருள் என்று சொல்லும் மரல் செடியின் நாரைப் பழைய நாளிலிருந்தே இந்தியாவில் வில்நாணுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பச்சை இலையைப் பலகையில் வைத்து, முனை மழுங்கிய கத்தியால் சதையைச் சுரண்டி, அலசி நிழலில் உலர்த்தினால் வெள்ளை நார் கிடைக்கும். அழுக வைத்தும் எடுக்கலாம், ஆனால் நாள் அதிகமானால் நாரே பலமிழக்கும். இலை நீளத்துக்குமேல் நார் வராது என்பதால் இடையிடையே புது நாரைச் செருகித் திரிக்க வேண்டும். இரண்டு செருகல் ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய வில்வித்தையான கியூதோவில் ஹெம்ப் நார் நாணுக்குக் குசுனே என்ற பைன் பிசின்-எண்ணெய்ப் பூச்சைத் தேய்ப்பார்கள். மரல் நாணுக்கும் மெழுகோடு பிசின் சேர்ப்பது அதே காரணத்துக்காகத்தான், நார்கள் ஒன்றையொன்று அறுக்காமல் ஒட்டி நிற்க.

மூங்கில்முதுகு கேட்டது:

நன்றி. கழுத்தைப் பார்த்துக்கொண்டே முன்பு முறுக்கிய திசையில் திருப்பிப் பார்த்தேன், புரிகள் விலகுகின்றன. முறுக்கு தலைகீழ்தான். இன்னொரு சந்தேகம்: பிரேஸ் உயரம் ஏற்ற எத்தனை திருப்புவரை போகலாம்?

புரிமுறுக்கு எழுதியது:

அங்குலத்துக்கு ஒரு திருப்பு என்ற அளவை நெருங்கினால் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் நாணிறக்கும்போது சுருண்டு முடிச்சிடும், இழுக்கும்போது சுருள்கம்பிபோல நீளும், இழைகள் உள்ளே ஒன்றையொன்று தேய்க்கும். அவ்வளவு திருப்பு தேவைப்பட்டால் நாண் அளவுக்கு மேல் நீளமாக இருக்கிறது என்று பொருள், கீழ்க் கண்ணியைப் பிரித்துக் குறியை மேலே ஏற்றுங்கள்.

அது சிரமம் என்றால் கீழ்முனையில் கண்ணியே வேண்டாம். ஆங்கிலேய லாங்போ மரபில் மேலே மட்டும் கண்ணி, கீழே டிம்பர் ஹிட்ச் என்ற முடிச்சு. கீழ்முனைக்கு ஓரடி வாலை இரண்டு புரியாகவே இறுக்கித் திரித்துக்கொண்டு, குதையைச் சுற்றிக் கொண்டுவந்து, நாணின் உடலை ஒருமுறை வளைத்து, தன்மேலேயே மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள். இழுக்க இழுக்க இறுகும். நாண் நீண்டால் அவிழ்த்து ஒரு விரல் அகலம் ஏற்றிக் கட்டலாம். சுற்று மூன்றுக்குக் குறைந்தால் டேக்ரான் மெழுகில் வழுக்கும். புதிதாகக் கட்டியதும் முழு இழுப்புக்குப் போகாமல் பாதி இழுப்பில் சிலமுறை இழுத்து மெல்ல விட்டு, முடிச்சு உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு அம்பை எடுங்கள்.