பொருள்: விண்வெளிக் கதிர்வீச்சில் 'டோஸ்': கதிரேற்பு, கதிரூறு

நண்பர்களுக்கு வணக்கம்.

விண்வெளிக் கதிர்வீச்சை எப்படி அளக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் 'டோஸ்' என்ற ஒரே சொல்லுக்குத் தமிழ் தேடி நான்கு நாளாக நிற்கிறேன். நீங்கள் அனுப்பிய மூன்று சொற்களையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்ததை எழுதுகிறேன், மறுப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

'கதிர் மருந்தளவு' புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பொருந்தும், அங்கே மருத்துவர் திட்டமிட்டுக் கொடுக்கிறார். அண்டக்கதிரில், அதாவது விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் துகள்களில், ஒன்றான இரும்பு அணுக்கரு விண்வெளி வீரரின் உடலைத் துளைத்துப் போவதற்கு மருந்து என்ற சொல் ஆகாது. 'கதிரேற்றம்' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அண்டக்கதிர்த் துகள்களே மின்னேற்றம் கொண்டவை. இரண்டு 'ஏற்றம்' ஒரே பத்தியில் வந்தால் படிப்பவர் குழம்புவார்.

'கதிரளவு' பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களில் ஒரு அம்மா முன்மொழிந்த அந்தச் சொல் எளிமையானது, பலர் ஆதரித்தும் இருக்கிறார்கள். என் சிக்கல் 'கதிரளவை அளக்கும் அளவி' என்று எழுத நேர்வது மட்டுமல்ல. எதன் அளவு என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. விண்வெளியில் அளக்க வேண்டியவை மூன்று, மூன்றும் வேறு வேறு.

முதலாவது, எத்தனை துகள் வருகிறது என்பது. 1958இல் எக்ஸ்ப்ளோரர் 1 செயற்கைக்கோள் வந்து மோதும் துகள்களை எண்ணும் கைகர் எண்ணி ஒன்றைச் சுமந்து போனது. உயரமான சில இடங்களில் அது ஒன்றையுமே எண்ணவில்லை. அங்கே துகள்கள் இல்லாமல் இல்லை. எண்ணி திணறிப்போகும் அளவுக்கு வந்து மோதின. பூமியைச் சூழ்ந்திருக்கும் துகள் பட்டைகளான வான் ஆலன் பட்டைகள் தெரியவந்தது அப்படித்தான். இந்த எண்ணிக்கைக்குப் பாடநூலில் உள்ள 'பாயம்' போதும். காந்தப் பாயம் போலத் துகள் பாயம். இதில் புதுச்சொல் தேவையில்லை.

இரண்டாவது, அந்தத் துகள்கள் ஒரு கிலோ பொருளில் எவ்வளவு ஆற்றலை விட்டுச் செல்கின்றன என்பது. ஒரு கிலோவுக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு கிரே. இங்கே பாயம் உதவாது. ஒரே வேகத்தில் போகும் புரோட்டானையும் இரும்பு அணுக்கருவையும் எடுத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் விடும் ஆற்றல் மின்னேற்றத்தின் இருமடியைப் பொறுத்தது. இரும்பின் மின்னேற்றம் 26, ஆகவே அது 676 மடங்கு விடுகிறது. அண்டக்கதிர்களில் சுமார் 90 விழுக்காடு புரோட்டான்கள், ஹீலியத்தைவிடக் கனமானவை ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான். எண்ணிக்கையில் ஒதுக்கிவிடலாம் போலத் தெரியும் அந்த ஒரு விழுக்காட்டை உடல் ஒதுக்குவதில்லை.

மூன்றாவது, அதே ஆற்றல் உயிருள்ள திசுவில் எவ்வளவு தீங்குக்கு இடம் கொடுக்கும் என்பது. அலகு சீவர்ட். நெருக்கமாக அயனியாக்கிக்கொண்டு போகும் துகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துப் பெருக்குகிறார்கள்.

கிரே, சீவர்ட் இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும் என்பதற்கு, செவ்வாய்க்குப் போன கியூரியாசிட்டி ஊர்தியில் இருக்கும் கதிர்வீச்சு அளக்கும் ராட் கருவியே சான்று. சிலிக்கான் உணரிகளும், துகள் பட்டால் மின்னும் மினுக்கொளிப் படிகமும் அடுக்கிய சின்னக் கருவி அது. செவ்வாய்க்குப் போகும் வழியில் நாளொன்றுக்குச் சுமார் 0.48 மில்லிகிரே, 1.84 மில்லிசீவர்ட் என்று அளந்தது. தரையிறங்கிய பிறகு 0.21 மில்லிகிரே, 0.64 மில்லிசீவர்ட். இரண்டு அலகுக்கும் 'கதிரளவு' என்றே எழுதினால், ஒரே நாளுக்கு ஏன் இரண்டு எண் என்று படிப்பவர் கேட்பார். கேட்க வேண்டும்.

சரி, என் பரிந்துரை. கிரேயில் அளப்பதற்குக் கதிரேற்பு. கருவி கதிரேற்புமானி, வெப்பமானி போல. ஏற்பு என்றால் விரும்பி ஏற்பது ஆகாதா என்று உங்களில் ஒரு ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் பழியையும் ஏற்கிறோம் என்றுதான் சொல்கிறோம், உடலியலில் ஏற்பி என்ற சொல்லும் ஏற்கெனவே நடமாடுகிறது. 'படிவு' என்று போடலாமா என்றும் யோசித்தேன். அது அணுகுண்டுக்குப் பிறகு தரையில் படியும் கதிரியக்கத் தூசியை நினைவூட்டும், இங்கே அப்படி எதுவும் படிந்து கிடப்பதில்லை.

சீவர்ட்டுக்கு முதலில் 'தீங்கீடு' என்று எழுதினேன். அப்புறம்தான் இழப்பீடு நினைவுக்கு வந்தது. தீங்குக்குக் கொடுக்கும் பணம் என்று பொருள்பட்டுவிடும், அடித்துவிட்டேன். இப்போது கையில் இருப்பது கதிரூறு. ஊறு என்றால் கேடு என்று எல்லோருக்கும் தெரியும். ஐம்புலன்களைச் சொல்லும்போது தொடு உணர்வுக்கும் பழந்தமிழில் ஊறு என்றே பெயர். துகள் திசுவைத் தொடுவதும் கெடுப்பதும் ஒரே சொல்லில் அடங்குவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அதில் ஒரு குறையும் உண்டு. சீவர்ட் நடந்துவிட்ட கேட்டின் கணக்கு அல்ல, வரக்கூடிய இடரின் கணக்கு. 'பயணத்தில் கதிரூறு நாளொன்றுக்கு 1.84 மில்லிசீவர்ட்' என்று படிப்பவர், வீரருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிடுவாரோ? 'கதிரூற்று எண்' என்று நீட்டிப் பார்த்தேன், அதில் நீரூற்று வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அண்டக்கதிரை 'அண்டத்துகள்' என்று மாற்றச் சொன்ன நண்பருக்கும் ஒரு வரி. 1912இல் அண்டக்கதிரைக் கண்டறிந்த இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் 5,300 மீட்டர் வரை ஏறிப் பார்த்த நாளில் அவை துகள் என்று யாருக்கும் தெரியாது. கதிர் என்ற பெயர் அந்தக் காலத்து எச்சம், உலகமே அதை வைத்துக்கொண்டிருக்கிறது. நாமும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சூரியன் வெடித்துச் சீறும்போது வருபவற்றுக்குத் தொடக்கத்திலேயே 'சூரிய உயராற்றல் துகள்கள்' என்று சரியாக எழுதிவிடுவோம்.

கதிரேற்பை நான் உறுதியாகவே பயன்படுத்தப் போகிறேன். கதிரூறுக்கு மாற்று இருந்தால், மேலே உள்ள அந்த 1.84 மில்லிசீவர்ட் வாக்கியத்திலேயே பொருத்தி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்