ஷோனாவில் வணக்கம் சொல்லப் பழகியது

ஜிம்பாப்வேக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே இங்கிலீஷ் போதாதா?" என்றுதான். ஹராரேயில் ஆபீஸ் வேலைக்குத் தாராளமாகப் போதும். அக்கம்பக்கத்தாரோடு ஒட்டிப் பழக வேண்டுமானால், அங்கே பெரும்பாலோர் பேசும் ஷோனா மொழியில் நலம் விசாரிக்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. தெருவே அவரை 'அம்புயா' என்று கூப்பிடும், நானும் அப்படியே. விடிந்ததும் முற்றம் பெருக்கிக்கொண்டிருப்பார். 'மங்வனானி' என்று காலை வணக்கம் சொன்னால் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அடுத்து 'மராரா செய்?' என்பார், எப்படித் தூங்கினீர்கள் என்று. 'ந்தராரா, மராராவோ' என்று சொல்ல வேண்டும். நீங்கள் நன்றாகத் தூங்கியிருந்தால் நானும் அப்படியே என்று அர்த்தம். அவர் 'ந்தராரா' என்று முடித்த பிறகுதான் தண்ணீர் வந்ததா, கரண்ட் எப்போது போகும் என்ற பேச்செல்லாம். மதியத்துக்கு மேல் 'மஸிகாதி', அப்புறம் 'மஸ்வேரா செய்?', பொழுது எப்படிப் போனது என்ற விசாரிப்பு. இருட்டினால் 'மனேரு'.

மஸ்விங்கோ என்ற ஊர்ப்பெயரில் sv என்று எழுதுகிற ஒலி ஒன்று உண்டு, அது எழுதிக் காட்டுகிற மாதிரி இல்லை. உதட்டைக் குவித்துச் சீட்டியடிப்பது போல 'ஸ' சொல்ல வேண்டும். 1931 முதல் 1955 வரை ஷோனா எழுத்துமுறையில் இந்த ஒலிக்கென்றே தனி எழுத்து இருந்ததாம். அம்புயா என்னை எதிரே நிற்கவைத்து, தன் உதட்டைத் தொட்டுக் காட்டித்தான் பழக்கினார்.

வாய் பேசினால் மட்டும் போதாது, கையும் பேச வேண்டும். ஆண்கள் விரலோடு விரல் நேராகச் சேர்த்துத் தட்டுவார்கள். பெண்கள் உள்ளங்கைகளைக் குழித்து, குறுக்காக வைத்துத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் கனமாகக் கேட்கும். எதையாவது வாங்கிக்கொள்ளும்போதும் தட்டுவது உண்டு. எனக்கு இந்தப் பழக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. கை குலுக்குவதில் இவ்வளவு பணிவு இல்லை.

ஹராரேயின் இம்பாரே சந்தையில் தக்காளிக் கூறு வைத்திருக்கும் அம்மாக்களிடம் போனால், விலைக்கு முன்னால் 'மகாதீ?' வரவேண்டும். 'ந்திரிபோ, மகாதீவோ' என்று அவர் சொன்ன பிறகு வியாபாரம். பெரியவர்களுக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் 'மகாதீ', சேக்காளிகளுக்கு 'வகாதீ'. நம் நீங்கள், நீ மாதிரிதான். இதைக் கட்டாயம் பிரித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

கூட வேலை பார்த்த நண்பரின் ஊர் மஸ்விங்கோ பக்கம். அங்கே போனபோது அவர் வாசலுக்கு வெளியே நின்று 'கோகோகோய்!' என்று குரல் கொடுத்தார். உள்ளே கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்து கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொண்ட பிறகுதான் கைதட்டலும் நலம் விசாரிப்பும் ஆரம்பித்தன, அதுவும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. கொண்டுபோன சர்க்கரையையும் எண்ணெயையும் கொடுத்ததும் அவருடைய பெரியப்பா கைதட்டி, 'மைதா, ஷூம்பா' என்றார். ஷூம்பா என்றால் சிங்கம், அந்தக் குடும்பத்தின் குலச்சின்னம். நன்றி சொல்லும்போது ஆளின் பெயரை விட்டுவிட்டுக் குலச்சின்னத்தைச் சொல்வதுதான் மரியாதை. உடனே என் பக்கம் திரும்பி, உங்கள் குலச்சின்னம் எது என்று கேட்டார். எனக்கு அப்படி ஒன்று இல்லை என்றதும் அவர்கள் கூடிப் பேசி, கூட்டி வந்தவனின் சின்னமே இவனுக்கும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அந்த வீட்டில் இன்றும் நான் ஷூம்பாதான்.