வீட்டு மெயில் சர்வர்: அனுப்பும் மெயில் எல்லாம் திரும்பி வருகிறது, உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். வீட்டில் ஒரு பழைய கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டு போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை ஓட்டுகிறேன். சொந்த டொமைன், ஸ்டாட்டிக் (மாறாத) ஐபி. உள்ளே வரும் மெயிலில் குறையில்லை. நான் அனுப்புவதுதான் மூன்று நாட்களாகத் 550 5.7.25 என்ற பிழை எண்ணோடு திரும்பி வருகிறது.

சர்வரின் லாகில் (நடந்ததைப் பதியும் கோப்பில்) முதலில் கண்ணில் பட்டது என் தவறுதான். எதிர் சர்வரிடம் ஹலோ சொல்லும்போது என் சர்வர் தன் பெயரை லோக்கல்ஹோஸ்ட் என்று சொல்லியிருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் மைஹோஸ்ட்நேம் என்ற அமைப்பில் முழு டொமைன் பெயரைக் கொடுத்துவிட்டேன். எஸ்பிஎஃப் பதிவில் (என் டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியலில்) என் ஐபி இருக்கிறது, மெயில் என் டொமைனுடையதுதான் என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்தும் சரியாக விழுகிறது. ஆனாலும் மெயில் அதே பிழையோடு பவுன்ஸ் ஆகிறது (திரும்பி வருகிறது).

டிஎன்எஸ் பதிவுகளைக் காட்டும் டிக் கட்டளையில் பார்த்தால், என் ஐபியின் பிடிஆர் ரெக்கார்டு (ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவு) இணைய நிறுவனத்தின் ஏதோ பொதுப் பெயரைக் காட்டுகிறது. அந்தப் பெயருக்கு ஐபியைச் சொல்லும் ஏ ரெக்கார்டே இல்லை. கோளாறு இங்கேதான் என்று நினைக்கிறேன். டொமைன் பேனலில் இதை மாற்ற முடியாது, ஐபி கொடுத்தவர்கள்தான் மாற்ற வேண்டும். இரண்டு முறை கேட்டுவிட்டேன். வீட்டு இணைப்புக்குச் செய்ய மாட்டோம் என்கிறார்கள்.

587 போர்ட் வழியாக ஒரு ரிலே சர்வருக்கு (என் மெயிலை வாங்கி எனக்காக அனுப்பும் இடைச் சர்வருக்கு) தள்ளிவிடுவதுதான் வழியா? அப்படியானால் எஸ்பிஎஃப்பில் என் ஐபியை எடுத்துவிட்டு ரிலேயை மட்டும் சேர்த்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்பாவின் மருத்துவ அறிக்கைகளை டாக்டருக்கு இந்த முகவரியிலிருந்துதான் அனுப்புகிறேன்.