கிணறு இறைக்கக் காசு கிடைக்கும், ஊற்றுக்கு?

ஏழாலையிலிருந்து:

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்து எண்ணெய் கிணறுகளில் கலந்த பிரச்சினை பேப்பரில் வர முன்னமே அம்மா சொன்னார், "தேத்தண்ணி டீசல் மணக்குது" என்று. அள்ளிவைத்த வாளியை வெயிலில் கொஞ்சம் சரித்துப் பார்த்தால் மேலே மெல்லிய படலம் தெரியும், நீலமும் ஊதாவுமாக. விரல் வைத்தால் விலகும், எடுத்ததும் திரும்பக் கூடும். வாளியின் உட்புறம் பிசுபிசுக்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால்தான் போகும்.

அப்புறம் பவுசர் லொறியில் தண்ணீர் வந்த காலம். ஒழுங்கை முகப்பில் கறுப்புத் தாங்கி வைத்தார்கள். தள்ளாத வயதில் ஆட்கள் சைக்கிளில் கான் கட்டிக்கொண்டு வந்து நின்றதை இப்போது நினைத்தாலும் மனம் கொதிக்கிறது. கிணறு இல்லாத வளவு எங்கள் ஊரில் எது? ஒரு அறிக்கை எண்ணெய் இருக்கிறது என்றது, இன்னொன்று பயப்பட ஒன்றுமில்லை என்றது. எதை நம்பிப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பது?

2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், மின் நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கிணறு ஒன்றுக்கு 40,000 ரூபாய், 500 கிணறுகள் வரை. சாதாரண சனத்தின் கிணற்றுக்காக நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் பேசியது சின்ன விஷயமில்லை. நான் அதைப் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் கிணறு இறைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும். எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமான பாறை. மோட்டர் போட்டு அடி தெரிய இறைத்து, சேறு அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவினாலும் விடியும்போது அதே ஊற்று அதே தண்ணீரைக் கொண்டுவந்து நிறைத்துவிடும். பக்கத்து வளவில் ஊறியதும் சேர்ந்து வரும். தனிக் கிணற்றுக்கு நட்டஈடு கொடுக்கலாம். நிலத்தடி நீர் எங்கள் முழு வலிகாமப் பகுதிக்கும் பொது, அதைச் சுத்தமாக்கும் செலவும் பொதுக்காசாகத்தான் இருக்க வேண்டும். நிறுவனத்திடம் அறவிடுவது பிறகு நடக்கட்டும். வழக்கு முடியும்வரை தாகம் பொறுக்காது.

கோண்டாவில் தோட்டக்காரன்:

அண்ணை, எண்ணெய் என்றபடியால் கண்ணுக்குத் தெரிந்தது, மணத்தது. எங்கள் பக்கம் இருப்பது நைத்திரேற்று. நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம், மாரி மழையோடு செம்மண்ணுக்குள்ளால் நேரே கீழே போகிறது. நெருங்கக் கட்டிய வீடுகளின் மலசலகூடக் குழிகளும் அதோடு சேருகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் தோட்டக் கிணறு அதைத் தாண்டிவிட்டது என்று பரிசோதனை சொன்னது.

ஊரில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் பொதுக்காசில் வந்தது. திறப்பு விழா, நாடா வெட்டு, படம் எல்லாம் நடந்தன. நல்ல தண்ணீர்தான் தந்தது, பொய் சொல்லக்கூடாது. பிறகு தண்ணீரை வடிக்கும் மென்சவ்வு அடைத்துக்கொண்டது. மாற்றக் காசு எந்தக் கணக்கில் என்று எங்கு கேட்டாலும் பதில் இல்லை. கட்ட ஒதுக்கியவர்கள் பராமரிக்க ஒதுக்கவில்லை. இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. சவ்வு பிரித்தெடுத்த கழிவுநீரைப் பின்பக்கத்து வாய்க்காலில் விட்டார்கள், அது எங்கே போகும்? திரும்ப அதே சுண்ணாம்புக்கல்லுக்குள்தான். உரத்துக்கு மானியம் கொடுக்கிற அரசு, மண்ணைப் பரிசோதித்து அளவாகப் போடச் சொல்லித்தரவும் காசு ஒதுக்கலாம். வந்து சொன்னால் நாங்கள் கேட்போம்.

குடும்ப நல உத்தியோகத்தராக இருந்தவள்:

தாய்மாருக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கொதிக்கவைத்தால் எல்லாம் சரி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கிருமிக்குச் சரி. நைத்திரேற்று கொதித்துப் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறன் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். அப்படி நீலம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை. வீடு வீடாகப் போய் இதைத்தான் சொன்னேன். ஒரு தாய் கேட்டாள், "அப்ப நான் குடிக்கிறதுக்கு என்ன செய்யிறது மிஸ்?" அவளுடைய கிணற்று நீரைச் சோதிக்க ஒரு ஒதுக்கீடு இருந்திருந்தால் அவளுக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லியிருப்பேன்.

ஏழாலையிலிருந்து:

அக்கா சொன்னது முக்கியம். கடல்நீரைக் குடிநீராக்கும் தாழையடித் திட்டம் 2024இல் திறக்கப்பட்டது, நாளுக்கு 2 கோடி 40 இலட்சம் லீற்றர் கொள்ளளவு. குழாய் வந்த இடங்களில் நிம்மதிதான், அதை மறுக்கவில்லை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பது பற்றி இரண்டு மாவட்டங்களும் மனம் நொந்த பிறகு கிடைத்த வழி அது. ஆனால் குழாய் வந்தாயிற்றே, இனிக் கிணறு எதற்கு என்ற பேச்சு இப்போதே காதில் விழுகிறது. அதை ஏற்கவே முடியாது. தோட்டம், மாடு, குளிப்பு முழுவதும் கிணற்று நீரில்தான். மாரிக்கு முன்னும் பின்னும் எல்லாக் கிணறுகளையும் அரச செலவில் சோதித்து, முடிவை கிராம சேவகர் அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். பிரதேச சபைக்குக் கொடுக்க இதையே மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமானவர்கள் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.

அதுவரை சொந்தச் செலவில் சோதிக்கப் போகிறவர்கள் கவனியுங்கள். எண்ணெய் பார்க்க என்றால் கண்ணாடிப் போத்தல், பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். அதே தண்ணீரால் போத்தலை அலசவும் கூடாது. நைத்திரேற்றுக்குப் பிளாஸ்டிக் போதும், ஆனால் ஐஸில் வைத்துச் சுணங்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.